பூனைக்கும் பத்தியம் உண்டா?

வீட்டில் வளரும் பூனை ஓயாமல் முகத்தையும் கழுத்தையும் பிறாண்டிக் கொள்கிறது. காதோரம் முடி உதிர்ந்து புண்ணாகிறது. சில நாள் வாந்தியும் எடுக்கிறது. கால்நடை மருத்துவர் முதலில் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து அதற்கு மருந்து போடுகிறார். அதன் பிறகும் அரிப்பு அடங்காவிட்டால், தின்னும் உணவே அதற்கு ஒவ்வாமல் போயிருக்கலாம் என்று சொல்லி, எட்டு வாரம் பத்தியம் வைக்கச் சொல்கிறார். அதாவது, இதுவரை தின்று வந்த மீன், கோழி, மாட்டிறைச்சி யாவற்றையும் அடியோடு நிறுத்திவிட்டு, அது முன்பு தின்றிராத ஒரே ஓர் இறைச்சியை மட்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். உணவு ஒவ்வாமையை உறுதியாகக் கண்டறிய இதைவிட நம்பத்தக்க வழி இன்றுவரை இல்லை. இரத்தப் பரிசோதனையோ முடிப் பரிசோதனையோ இதற்கு ஈடாவதில்லை.

அன்று முதல் அந்த வீட்டில் மூன்று குரல்கள் எழுகின்றன. "வாயில்லா ஜீவன் இப்படிக் கத்துகிறதே! அதன் ரிஸ்கைத் தடுக்க நாம் யார்?" என்கிறார் உம்மா. "ஒரு பூனைக்கா இத்தனை பாடும் செலவும்?" என்கிறார் வாப்பா. "பசித்தால் தானாகத் தின்னும். இரண்டு நாள் பட்டினி போடு" என்கிறார் மகன். இம்மூன்றையும் மார்க்கத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

இரண்டு கதவுகள்

ஒரு பூனையைக் கட்டி வைத்து, அதற்கு உணவும் கொடுக்காமல், பூமியிலுள்ள சிறு பிராணிகளைப் பிடித்துத் தின்னும்படி அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண், அதன் காரணமாக நரக வேதனைக்கு ஆளானாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வரும் ஹதீஸ்தான். ஆனால் அதிலுள்ள ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பூனைக்கு உணவு வரும் கதவுகள் இரண்டு. ஒன்று நம் கை; மற்றொன்று வெளியுலகம். அப்பெண் இரண்டையும் சேர்த்து அடைத்தாள். கட்டி வைத்தது மட்டும் அவளுடைய குற்றமன்று. உணவும் நீரும் குறையாமல் கொடுத்தால் பூனையை அடைத்து வளர்க்கலாம் என்றே ஹதீஸ் விளக்கவுரையாளர்கள் இதிலிருந்து சட்டம் எடுத்துள்ளார்கள்.

பத்தியம் வைப்பவர் என்ன செய்கிறார்? எலி பிடிக்காமலும், அடுத்த வீட்டு மீன் தலையைத் தின்னாமலும் இருக்கப் பூனையை வீட்டுக்குள் அடைக்கிறார். ஒரு கதவு மூடியது. அது விரும்பித் தின்ற உணவையும் நிறுத்துகிறார். இரண்டாவது கதவும் பாதி மூடியது. எனவே, எஞ்சியுள்ள அந்த ஒரே உணவு வயிறு நிறையக் கிடைக்கிறதா, அதை அது உண்மையிலேயே தின்கிறதா என்ற பொறுப்பு முழுவதும் அவர் தலைமேல் விழுகிறது. அமானிதம் என்பது இதுதான். கதவை மூடியவரே மற்றொன்றைத் திறந்து கொடுக்கவும் கடமைப்பட்டவர்.

பட்டினி போடலாமா?

இதிலிருந்தே மகனுக்கு விடை கிடைத்துவிடுகிறது. மனிதனுக்கு நோன்பு இருக்கிறது. பூனைக்கு நோன்பு இல்லை. பூனையின் உடலமைப்பும் அப்படித்தான். சில நாட்கள் தொடர்ந்து தின்னாவிட்டால், அதிலும் பருத்த பூனையாக இருந்தால், உடலின் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரல் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆகவே பட்டினி போட்டு வழிக்குக் கொண்டு வருவது அறிவும் அல்ல, ஆகுமானதும் அல்ல. புதிய உணவைப் பழைய உணவுடன் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் முழுவதுமாக மாற்ற வேண்டும். ஒரு நாள் முழுவதும் தொடாமலேயே இருந்தால் மருத்துவரிடம் கேட்டு உணவை மாற்ற வேண்டுமே தவிர, பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

இரக்கம் எது?

உம்மாவின் குரலுக்கு வருவோம். இரக்கம் ஈமானுடைய மனத்தின் அடையாளம். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கேட்டதைக் கொடுப்பது மட்டுமே இரக்கமாகிவிடுமா?

அண்ணலார் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுடன் உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் இல்லம் சென்றிருந்தார்கள். அங்கே பேரீச்சங் குலைகள் தொங்கின. அலீ (ரலி) அவர்கள் அப்போதுதான் நோயிலிருந்து தேறியிருந்தார்கள். அவர்களும் உண்ணத் தொடங்கியபோது, நோயிலிருந்து தேறியவர் என்பதைச் சொல்லி அண்ணலார் தடுத்துவிட்டார்கள். பின்னர் அந்த அம்மையார் கீரையும் வாற்கோதுமையும் சமைத்துக் கொண்டு வந்தபோது, இதுவே உமக்கு ஏற்றது, இதை உண்ணும் என்று அலீ (ரலி) அவர்களை உண்ணச் செய்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இச்செய்தி வருகிறது.

பத்தியத்துக்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா? தடுத்த கையே கொடுத்ததையும் பாருங்கள். ஒன்றை விலக்கினார்கள்; ஏற்றதொன்றை உண்ண வைத்தார்கள். தடுத்ததும் இரக்கம், கொடுத்ததும் இரக்கம்.

பூனையின் பத்தியத்தில் யாருக்கும் தெரியாமல் போடும் ஒரு துண்டு மீன், அதுவரை காத்த வாரங்களையெல்லாம் வீணாக்கிவிடக் கூடும். மீன் ஆணம் வைத்த சட்டியை நக்கினாலும் அப்படித்தான். மீன் சுவையூட்டிய மாத்திரையும் ஆகாது. மீனும் மாட்டிறைச்சியும் கோழியும்தான் பூனைகளுக்கு அதிகமாக ஒவ்வாமை தருவதாகக் கண்டறியப்பட்டவை. அந்தத் துண்டைப் போட்டால் நம் மனம் குளிரும். அதன் அரிப்பு தொடரும். ஆகவே வீட்டிலுள்ள குழந்தை முதல் பெரியவர் வரை அனைவரும் ஒரே முடிவில் நிற்க வேண்டும். அதன் கத்தலைப் பொறுத்துக் கொள்வதும் ஸப்ரில் சேர்ந்ததே.

செலவு யார் கணக்கில்?

இனி வாப்பாவின் கேள்வி. வளர்ப்புப் பிராணிக்குத் தீனி கொடுப்பது தருமமன்று, கடமை என்பது ஃபிக்ஹு நூல்களில் ஜீவனாம்சப் பாடத்திலேயே வருகிறது. ஹிஜ்ரி 660-இல் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிடும்போது, அது மூப்படைந்து அல்லது நோயுற்றுப் பயனற்றுப் போனாலும் அதற்குச் செலவிட வேண்டும் என்பதை முதலில் வைக்கிறார்கள். நலமாக இருந்தபோது மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, புண் வந்ததும் தெருவில் விடுவது முஃமினுக்கு அழகா?

ஆனால் சக்திக்கு மீறிய செலவை மார்க்கம் சுமத்துவதில்லை. பிள்ளைகளின் உணவைக் குறைத்துப் பூனைக்கு உயர்ந்த விலை உணவு வாங்க வேண்டியதும் இல்லை. இயலாதவர், அதை நல்லபடி வளர்க்கக் கூடியவரிடம் ஒப்படைக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வசதியுள்ளவர்களுக்கு, புரதத்தை நுண்ணிய துணுக்குகளாக உடைத்துத் தயாரிக்கப்பட்ட மருத்துவ உணவு உண்டு. மற்றவர்கள் முயல் கறியை மட்டும் உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்துக் கொடுக்கலாம். முயல் நமக்கும் ஹலாலானது. அபூதல்ஹா (ரலி) அவர்கள் அறுத்து அனுப்பிய முயல் கறியை நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக் கொண்டார்கள். கோழி தின்று பழகிய பூனைக்கு வாத்து நம்பத்தக்கதல்ல. இரண்டும் பறவையினமாதலால் ஒன்று ஒவ்வாவிட்டால் மற்றதும் ஒவ்வாமல் போகலாம். சோறும் பாலும் மட்டும் கொடுப்பது பத்தியமாகாது. பூனை இறைச்சியால் வாழும்படி படைக்கப்பட்டது. இறைச்சியிலுள்ள டாரின் என்ற சத்து குறைந்தால் பார்வையும் இருதயமும் கெடும். வீட்டில் வேகவைத்த இறைச்சியிலும் எல்லாச் சத்தும் நிறைவாக இராது. எனவே சேர்க்க வேண்டியதை மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

முறைப்படி அறுக்கப்படாத இறைச்சி அடங்கிய உணவு ஆகுமா என்று கேட்பார்கள். ஹலால், ஹராம் என்ற கட்டளை பூனைக்கு இல்லை. ஆனால் வாங்குகிறவர் நாம். நஜீஸான பொருளை வாங்குவதும் விற்பதும் ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது. நம் கையால் அறுத்த முயல் கிடைக்கும்போது, சந்தேகமானதைத் தேடிப் போவானேன்?

மீண்டும் கொடுத்துப் பார்ப்பது துன்புறுத்தலா?

கடைசிக் கேள்வி கடினமானது. எட்டு வாரத்தில் அரிப்பு தணிந்த பின், பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். உணவுதான் காரணமானால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பும். தெரிந்தே நோவினை கொடுப்பது ஆகுமா?

யாருடைய நன்மைக்காக என்பதே இங்கு அளவுகோல். கொடுத்துப் பார்க்காவிட்டால், அரிப்பு உணவால் வந்ததா, வேறு காரணத்தால் வந்து தானாகத் தணிந்ததா என்பது தெரியாமல், அந்தப் பூனை ஆயுள் முழுவதும் காரணமின்றிப் பத்தியத்தில் கிடக்க நேரிடும். பெரிய தீங்கை அகற்றச் சிறிய தீங்கைப் பொறுக்கலாம் என்பது ஃபிக்ஹின் விதி. எனவே ஒரு நேரத்தில் ஒரே உணவாகக் கொடுத்து, அரிப்பின் முதல் அறிகுறியிலேயே நிறுத்திவிடுவது துன்புறுத்தலாகாது. அது சிகிச்சையின் ஒரு பகுதி. ஆனால் நோய் முன்பு மிகக் கடுமையாக இருந்திருந்தால், அல்லது பழைய உணவைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணமே நமக்கு இல்லையென்றால், வெறும் ஆவலுக்காக அதைச் சொறிய வைக்க நமக்கு உரிமை இல்லை.

ஒளுச் செய்ய வைத்திருந்த நீரைப் பூனை குடிக்க வந்தபோது, அது வசதியாகக் குடிக்கட்டும் என்று பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள் அபூகதாதா (ரலி) அவர்கள். நம்மைச் சுற்றிச் சுற்றி வரும் ஜீவன் அது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதையும் அப்போது எடுத்துச் சொன்னார்கள். பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுப்பதும், வேண்டிய நேரத்தில் பாத்திரத்தை எடுத்து வைப்பதும் ஒரே அமானிதத்தின் இரு பக்கங்கள். இரண்டிலும் நம் மனத்தின் ஆறுதலை அல்ல, அந்த ஜீவனின் நன்மையையே நாடும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.