தோண்டாமல் விட்ட ஆழம்

மணல்மீது வீடு கட்டியவனின் உவமையை அறியாதார் நம்மிடையே இலர். மத்தேயு அவனை அறிவிலி என்று குறிப்பிடுகிறார். லூக்காவோ, நிலைத்து நின்ற வீட்டைக் கட்டியவன் ஆழத் தோண்டினான் என்னும் செய்தியையும் சேர்த்துத் தருகிறார். இரண்டு வடிவங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு: கட்டியவனே வீட்டுக்கு உரியவன். வீழ்ந்தது அவன் வீடு, இழந்தவனும் அவனே. ஆகவே அவனை அறிவிலி என்றால் போதும். ஆனால், ஒருவன் தோண்டாமல் விட்ட ஆழத்துக்கு வேறொருவன் விலை கொடுக்க நேர்ந்தால், முன்னவனை எப்பெயரிட்டு அழைப்பது?

இக்கேள்வியை ஏரிகள் நிறைந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் நின்று கேட்பது பொருத்தம். வாலாஜாபாத்தை அடுத்த தென்னேரி, இம்மாவட்டத்துப் பேரேரிகளுள் ஒன்றின் கரையில் அமைந்த ஊர். இத்தகைய ஊர்களில் நம் முன்னோர் மேட்டு நிலத்தை நத்தமாக்கிக் குடியிருந்தனர். மதகுக்குக் கீழுள்ள தாழ்நிலத்தை ஆயக்கட்டாக்கிப் பயிரிட்டனர். நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் களிமண் நெல்லுக்கு வரம். அதே மண் சுவருக்குச் சோதனை. பட்டு நெய்யும் காஞ்சிபுரத்துக் குழித்தறிக்காரர்களும் இதனை நன்கறிவர். காலைத் தொங்கவிட்டு அமரும் தறிக்குழியில் அடைமழைக் காலத்தில் ஊற்று நீர் கசிந்துவிட்டால், வடியும்வரை நெசவு நின்றுபோகும். பூமிக்குள் நீர் எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதை எந்தக் கருவியும் இன்றி உணர்ந்தவர்கள் அவர்கள்.

இன்றோ, வயல்கள் வரப்பழிந்து மனைகளாகின்றன. சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் நிலம் கல்லைப்போல் உறுதியாகத் தோன்றும். கார்த்திகையில் அதே நிலம் ஊறிப் பருக்கும். கோடையில் மீண்டும் சுருங்கி வெடிக்கும். ஏறி இறங்கும் மண்ணின்மேல் ஆழமின்றி அமர்ந்த சுவர், மூலைகளில் விரிசல் காட்டத் தொடங்கும். மணற்பாங்கான நிலத்திலும் வேறொரு இடர் உண்டு. நிலத்தடி நீர் கடைக்காலின் அடிமட்டம் வரை உயர்ந்தால், அம்மண்ணின் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடக்கூடும்.

இவற்றுக்கு மருந்து இல்லாமல் இல்லை. துளையிட்டு, 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்து, எத்தனை அடியில் மண் இடம் கொடுக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் சோதனை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. பருத்துச் சுருங்கும் கரிசலுக்கென, அடியில் குமிழ்போல் விரிந்த கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் இறக்கும் முறையை, ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்தது. அறிவு இருக்கிறது, அதற்கு ஆகும் செலவு மண்ணுக்குள் மறைந்துவிடுகிறது என்பதே சிக்கல். பளிங்குத் தரையைப் பார்த்து வியப்பவர் உண்டு. கடைக்காலைப் பார்த்து வியந்தவர் யார்?

2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டி முடிக்கப்படாத பதினொரு மாடிக் கட்டடம் மழை பெய்துகொண்டிருந்த மாலைப் பொழுதில் சரிந்தது. 61 பேர் மாண்டனர். மின்னலே காரணம் என்றுகூட அப்போது சொல்லப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள் கட்டமைப்பின் குறைகளைச் சுட்டின. அடிமண் குறித்தும் கேள்விகள் எழுந்தன. அருகில் நின்ற இணைக் கட்டடமும் பாதுகாப்பற்றதென முடிவாகி, 2016 நவம்பர் 2ஆம் நாள் தகர்க்கப்பட்டது. இறந்தோர் யார்? அவ்வீடுகளை விற்க இருந்தோரும் அல்லர், வாங்க இருந்தோரும் அல்லர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த கூலித் தொழிலாளரே அவர்களுள் மிகப் பலர்.

உவமையின் மனிதனுக்கும் நம் காலத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலனாகிறது. முடிவெடுப்பவர் ஒருவர், அம்முடிவின் கீழ் நிற்பவர் வேறொருவர். இருவரையும் காலமும் பிரித்து வைக்கிறது. களிமண் தன்னுள் அடங்கிய நீரை மெல்ல மெல்லவே வெளியேற்றி அமரும். அதற்குச் சில ஆண்டுகளும் ஆகலாம். விரிசல் தோன்றும் நாளில் பத்திரம் கைமாறியிருக்கும், ஒப்பந்தக்காரர் வேறூரில் இருப்பார். எனவே கடைக்காலை வெறும் முன்மதியின் பொருளாகக் கருதுவது போதாது. அது நீதியின் பொருள்.

ஏழை என்ன செய்வான் என்னும் வினா நியாயமானதே. அரசு மானியத்தில் ஓர் அறை எழுப்புபவனிடம் மண் பரிசோதனைக்குப் பணம் ஏது? அவனைக் குற்றவாளியாக்குவது அறமாகாது. ஆனால் மனையை விற்றவருக்கு அது நேற்றுவரை வயலாக இருந்தது தெரியும். தெரிந்ததை விலைக்காக மறைப்பது, எடைக்கல்லில் ஏமாற்றுவதற்கு ஒப்பாகும். வாங்குபவரோ மழைக்காலத்தில் ஒருமுறை நிலத்தைப் பார்க்கலாம். ஒரு குழி தோண்டி நீர் நிற்கும் மட்டத்தைக் காணலாம். அவ்வூர் உழவரிடமும் நெசவாளரிடமும் கேட்கலாம். இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு.

வேலிக்கு மேலே எல்லை உண்டு. நிலத்தடி நீருக்கு எல்லை இல்லை. நான் என் பள்ளத்தில் இரவும் பகலும் இறைத்தால், அயலான் சுவருக்கு அடியிலுள்ள நுண்மணலும் நீரோடு வந்துவிடக்கூடும். மெக்சிகோ நகரத்துப் பேராலயம் பழைய ஏரிப்படுகையின் மீது எழுந்தது. அந்நகரம் தன் தாகத்துக்காக நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, களிமண் சுருங்கிப் பேராலயம் சமமின்றி அமிழ்ந்தது. யாரும் அதற்குத் தீங்கு நினைக்கவில்லை. எல்லாரும் நீர் எடுத்தனர், அவ்வளவே.

இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்தின் கதை இதற்கு மறுபக்கம். சதுப்பு மண்ணில் அமிழ்ந்துகொண்டிருந்த அதன் சுவர்களுக்கு அடியில் தோண்டியபோது நீர் பெருகியது. நீரை இறைத்தால் சுவரே சரியலாம் என்று அஞ்சினர். ஆகவே வில்லியம் வாக்கர் என்னும் முக்குளிப்பவர் 1906 முதல் 1911 வரை, கையைக் கண் காணாத கலங்கல் நீரின் இருளில் மூழ்கி, கான்கிரீட் மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். அவர் ஊற்றை அடைத்த பின்னரே நீரை இறைத்துக் கொத்தர்கள் வேலை செய்ய முடிந்தது. அவர் நினைவாக 1964இல் வைத்த சிலையில் தவறுதலாகப் பொறியாளர் ஒருவரின் முகம் வடிக்கப்பட்டிருந்தது. 2001இல்தான் மாற்றுச் சிலை வந்தது. வாக்கருக்கோ அதனால் குறையொன்றும் இல்லை. பேராலயம் நிற்கிறது.

தோண்டாமல் விட்டு, பிறரை அதன்கீழ் நிறுத்துகிறவனை அறிவிலி என்று அழைப்பது அவனுக்குச் சலுகை. அவன் தன் அயலாருக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாதவன். அந்த அயலார், இன்று சாந்து சுமக்கும் தொழிலாளியாக இருக்கலாம். முப்பது ஆண்டுகள் கழித்து அச்சுவருக்குள் தொட்டில் கட்டப்போகும், நாம் பெயரறியாத ஒரு தாயாகவும் இருக்கலாம்.