உள்நாட்டுப் போரும் அயல்நாட்டின் கடனும்

1994 ஏப்ரல் 11 அன்று ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் ஒரு தொழிற்பள்ளி வளாகத்திலிருந்து பெல்ஜிய வீரர்கள் வண்டியேறிப் புறப்பட்டார்கள். ஐ.நா. அமைதிப் படையின் முகாம் அங்கே இருந்ததை நம்பித்தான் ஏறத்தாழ 2,000 பேர், பெரும்பாலும் துட்சி இன மக்கள், அந்த வளாகத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். வெளியே வெட்டுக்கத்தியும் தடியுமாகக் கும்பல் காத்திருந்தது. உள்ளேயிருந்த ஐரோப்பியர்கள் மீட்கப்பட்டுவிட்டார்கள். வீரர்களுக்கும் விமான நிலையம் போய்ச் சேர உத்தரவு. எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று மக்கள் வண்டிகளை மறித்துக் கெஞ்சினார்கள். வண்டிகள் போய்விட்டன. பொழுது சாய்வதற்குள் அந்த மக்களில் பெரும்பாலோர் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள்.

பிற நாட்டின் உள்நாட்டுப் போரில் அயல்நாடுகள் தலையிடலாமா என்று கேட்கும்போது, அந்த அயல்நாடு இதுவரை வெளியே நிற்கிறது, இனிமேல்தான் உள்ளே காலெடுத்து வைக்கப்போகிறது என்று வைத்துக்கொண்டே பேசுகிறோம். அப்படி வெளியே நிற்கிற நாடு அபூர்வம். ருவாண்டாவில் 1990 முதல் அரசுப் படைக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது பிரான்ஸ். பிரெஞ்சு அதிபர் அமைத்த வரலாற்றறிஞர் குழுவே, அந்தப் பேரழிவில் பிரான்சுக்குக் கனத்த பொறுப்பு உண்டு என்று 2021-இல் அறிக்கை தந்தது. படுகொலை நடந்த மாதங்களில் ருவாண்டா ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் உறுப்பினர். கொன்றுகொண்டிருந்த அரசின் பிரதிநிதி அந்த மேசையிலேயே அமர்ந்து விவாதங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலிப் படைகள் கிகாலியில் இறங்கி வெளிநாட்டவரை அழைத்துக்கொண்டு திரும்பின. ஆளும் ஆயுதமும் விமானமும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தன. இத்தனைக்கும் பிறகு, யாரும் தலையிடவில்லை என்று சொல்வதில் பொருளில்லை. ஏற்கெனவே ஏதோ ஒரு வகையில் உள்ளே இருக்கிற நாடு யாருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதே அறம் கேட்கும் கேள்வி. ஆயுதம் ஏந்தாதவர்களுக்கு அது கடன்பட்டிருக்கிறது. அவர்கள் உயிருக்காகத் தலையிட அதற்குக் கடமை உண்டு, யார் வெல்வது என்று தீர்மானிக்க உரிமை இல்லை. இதுதான் இங்கே வாதிடப்படுவது.

அந்தக் கடன் அடைக்க முடியாததாக இருக்கவில்லை. அமைதிப் படையின் தளபதி, கனடாவைச் சேர்ந்த ரோமியோ டல்லேர், பதுக்கி வைக்கப்பட்ட ஆயுதங்களைப் பற்றி ஜனவரியிலேயே நியூயார்க்கிலுள்ள ஐ.நா. தலைமையகத்துக்குத் தெரிவித்து, அவற்றைக் கைப்பற்றப்போவதாகவும் சொன்னார். தலைமையகம் கூடாது என்றது. ஏப்ரல் 7 அன்று 10 பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. சுமார் 2,500 பேர் கொண்ட படையை 270 ஆகக் குறைக்க ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு கவுன்சில் தீர்மானித்தது. அதற்குப் பிறகும் கானா உள்ளிட்ட நாடுகளின் சில நூறு வீரர்கள் டல்லேருடன் தங்கினார்கள். அமஹோரோ விளையாட்டரங்கில் அடைக்கலம் புகுந்திருந்த ஆயிரக்கணக்கானோர் அவர்கள் காவலில் உயிர் தப்பினார்கள். தொழிற்பள்ளியும் அரங்கமும் ஒரே நகரத்தில் இருந்தவை. ஓரிடத்தில் காவல் நின்றது, ஓரிடத்தில் போனது. நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் மாண்ட அழிவை முழுவதும் தடுத்திருக்க முடியுமா என்பது விவாதத்துக்குரியது. நின்றிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள் என்பதில் ஐயம் கொள்ள இடமில்லை.

உள்நாட்டுப் போர் அந்தந்த மக்களின் சொந்தக் கணக்கு, அதை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும் என்ற எதிர்வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. தானே போராடிப் பெறாத விடுதலை ஒரு மக்களிடம் நிலைக்காது என்று ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எழுதினார். காலனி ஆட்சியில் கிடந்த நாடுகளுக்கு இந்த வாதம் இன்னும் நெருக்கமானது. காக்க வந்தோம் என்று சொல்லி வந்த கப்பல்களை ஆசியாவும் ஆப்பிரிக்காவும் வேண்டிய அளவு பார்த்திருக்கின்றன. பிற நாட்டின் மீது படை ஏவக்கூடாது என்ற ஐ.நா. சாசன விதியை அந்நாடுகள் உயிராய்ப் பற்றிக்கொள்வதில் நியாயம் உண்டு. ஆனால் மில் பேசியது அரசியல் விடுதலையைப் பற்றி. தொழிற்பள்ளிக்குள் அடைபட்டிருந்தவர்கள் ஆட்சி கேட்கவில்லை, காவல் கேட்டார்கள். கைக்குழந்தையோடு நிற்கிற தாயிடம் உன் விடுதலையை நீயே சம்பாதித்துக்கொள் என்று சொல்ல அந்த வாதத்தில் இடமில்லை. ஒரு தரப்புக்கு அயல்நாடு உதவிக்கொண்டிருக்கும்போது மற்ற நாடுகள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்று மில்லே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் லிபியாவிலிருந்து வருகிறது. 2011 மார்ச் 17 அன்று, பொதுமக்களைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்கலாம் என்று பாதுகாப்பு கவுன்சில் 10 வாக்குகளால் தீர்மானித்தது. இந்தியா, சீனா, ரஷ்யா, ஜெர்மனி, பிரேசில் ஆகிய ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. இரண்டு நாளில் லிபியாவை ஆண்ட கடாஃபியின் படை பெங்காசி நகரத்தின் விளிம்பை எட்டியது. விமானத் தாக்குதல் அதைத் தடுத்தது. அந்த முதல் நாட்களின் நியாயத்தை மறுப்பது கடினம். ஏப்ரலில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தூதுக்குழு போர்நிறுத்தத் திட்டத்தோடு போனது. கடாஃபி ஏற்றார், கிளர்ச்சியாளர்கள் மறுத்தார்கள். அவர்களுக்காக வானத்தில் போரிட்டுக்கொண்டிருந்த நாடுகள் அவர்களை வற்புறுத்தவில்லை. மாறாக அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுத் தலைவர்கள் மூவரும் கூட்டாகக் கட்டுரை எழுதி, கடாஃபி போயாக வேண்டும் என்றார்கள். காவலாக வந்தவர்கள் அங்கே ஒரு கட்சியாகிவிட்டார்கள். அக்டோபர் 20 அன்று கடாஃபி கொல்லப்பட்டார். 31 அன்று, விமானத் தாக்குதலை நடத்திவந்த நேட்டோ கூட்டணி கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பியது. பின்னால் விடப்பட்டது திறந்து கிடந்த ஆயுதக் கிடங்குகளும் ஒன்றுக்கொன்று அடங்காத ஆயுதக் குழுக்களும்தான். அந்த ஆயுதங்கள் பாலைவனம் கடந்து மாலி நாட்டின் கலகத்துக்குப் போயின. 2014-இல் லிபியாவிலேயே மீண்டும் போர் மூண்டு, இரண்டு அரசுகள் போட்டிக்கு நின்றன. கடாஃபிக்குப் பிறகு என்ன என்று திட்டமிடத் தவறியதே தன் ஆட்சியின் பெரிய தவறு என்று அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமா 2016-இல் சொன்னார். அதற்கு முந்தைய தவறு, நகரத்தைக் காக்கக் கொடுத்த அனுமதியை ஆட்சியைக் கவிழ்க்கும் அனுமதியாக மாற்றிக்கொண்டது.

கொல்பவனே ஆட்சியில் இருக்கும்போது அவனை அகற்றாமல் மக்களை எப்படிக் காப்பது? இது நியாயமான கேள்வி, இதற்கு முழுவதும் சுத்தமான பதில் கிடையாது. கம்போடியாவில் போல் பாட் ஆட்சியின் கொலைகளை நிறுத்தியது 1979 ஜனவரியில் நோம் பென்னைப் பிடித்த வியட்நாம் படை. ருவாண்டாவிலும் கிளர்ச்சிப் படை வென்ற பிறகே கொலை ஓய்ந்தது. கொல்வதே ஆட்சியின் தொழிலாகிவிட்ட இடத்தில், ஆட்சி விழாமல் கொலை நிற்பதில்லை. அங்கே தலையிடுபவரின் கடன் இரட்டிப்பாகிறது. வீழ்த்திய கை, அடுத்து வரும் நாட்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கடனை ஓரளவு அடைத்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து, அதாவது இன்றைய வங்கதேசத்திலிருந்து, ராணுவ ஒடுக்குமுறைக்குத் தப்பி சுமார் 1 கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். டிசம்பரில் இந்தியப் படை எல்லை கடந்தபோது, சண்டையை நிறுத்திப் படைகளைத் திரும்பப் பெறும்படி ஐ.நா. பொதுச்சபையில் 104 நாடுகள் வாக்களித்தன, எதிர்த்தவை 11. பாகிஸ்தானைப் பலவீனப்படுத்தும் நோக்கம் இந்தியாவுக்கு இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1970 தேர்தலில் அந்த மக்களே தேர்ந்தெடுத்த அவாமி லீக்கிடம் ஆட்சி போயிற்று, அகதிகள் ஊர் திரும்பினார்கள், 1972 மார்ச்சில் படையும் திரும்பியது. யார் ஆள்வது என்பதை டாக்காவின் வாக்காளர்கள் முன்பே முடிவு செய்திருந்தார்கள். டெல்லி முடிவு செய்யவில்லை. லிபியாவில் அப்படி ஒரு தீர்ப்பு இருக்கவில்லை.

காவலாக வந்தவர் ஒரு கட்சியாவது, காக்க வேண்டியவர் விட்டுப் போவது ஆகிய இரண்டு பிழைகளும் ஒரே போரில் நேர்ந்த நாடு இலங்கை. 1987 ஜூலையில் கொழும்பும் டெல்லியும் ஒப்பந்தம் செய்தன. களத்தில் நின்ற விடுதலைப் புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. அமைதி காக்கப் போன இந்தியப் படை, அக்டோபரில் அதே மண்ணில் போர் தொடுத்தது. அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் அந்தப் படையால் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் புறப்படுவதற்குள் இந்திய வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்திருந்தார்கள். எதிர்ப்பக்கப் பிழை 2008 செப்டம்பரில் நடந்தது. வன்னியிலிருந்து ஐ.நா. ஊழியர்கள் வெளியேறத் தயாரானபோது, கிளிநொச்சி அலுவலக வாயிலில் மக்கள் கூடி, போக வேண்டாம் என்று மன்றாடினார்கள். போனார்கள். அடுத்த மே மாதத்துக்குள் முள்ளிவாய்க்கால் படுகொலை நடந்து முடிந்தது. ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று அதன் உள் ஆய்வுக் குழுவே 2012-இல் எழுதியது. 1987-இன் கசப்பும் 1991-இல் நடந்த ராஜீவ் காந்தி கொலையும் இந்தியாவை ஒதுங்க வைத்தன என்பார்கள். ஆனால் இலங்கைப் படைக்கு இந்தியா ரேடார் கொடுத்திருந்தது. சீனாவும் பாகிஸ்தானும் ஆயுதம் கொடுத்தன. ஒதுங்கி நின்றவர் யாருமில்லை. தஞ்சம் கேட்ட மக்களின் பக்கம்தான் யாரும் இல்லை.

வல்லரசுகள் தமக்கு ஆதாயமுள்ள இடத்தில் மட்டுமே இரக்கப்படுகின்றன என்று இன்னொரு எதிர்வாதம் உண்டு; அது உண்மையே. ஆனால் ஓரிடத்தில் காக்கத் தவறியது மற்றோரிடத்திலும் தவறுவதற்கு உரிமை தராது. இதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை.

காக்கும் கடமை உண்டு, ஆள்பவரைத் தீர்மானிக்கும் உரிமை இல்லை என்ற இந்த அளவுகோலை இன்று வைக்க வேண்டிய இடம் சூடான். 2023 ஏப்ரலில் அங்கே ராணுவமும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படையும் மோதத் தொடங்கியதிலிருந்து 1 கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்துவிட்டார்கள். நாட்டின் மேற்குப் பகுதியான டார்ஃபூரைக் காத்துவந்த ஐ.நா. கூட்டுப்படையின் பணி 2020 இறுதியிலேயே முடிக்கப்பட்டிருந்தது. அங்குள்ள எல் ஃபாஷர் நகரம் ஓராண்டுக்கும் மேல் முற்றுகையில் பட்டினி கிடந்து, 2025 அக்டோபரில் ஆர்.எஸ்.எஃப். கையில் விழுந்தது, ஊருக்குள் கொலைகள் தொடர்ந்தன. ஐக்கிய அரபு அமீரகம் அந்தப் படைக்கு ஆயுதம் அனுப்புவதாக எழுந்த குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்று ஐ.நா. நிபுணர் குழு சொல்ல, அமீரகம் மறுத்துவருகிறது. சூடானின் தங்கத்தில் பெரும்பகுதி போய்ச் சேருவதும் அங்கேதான். ஐ.நா.வின் ஆயுதத் தடையோ டார்ஃபூருக்கு மட்டும்; மற்ற மாநிலங்களுக்குக் கிடையாது. படை அனுப்பலாமா என்று விவாதிப்பதற்கு முன்பு, அந்தத் தடையை நாடு முழுமைக்கும் நீட்டலாம், ஆயுதம் தருபவர்களைப் பெயர் சொல்லித் தண்டிக்கலாம், தங்க வணிகத்துக்குக் கணக்குக் கேட்கலாம், சாட் எல்லை வழியாகப் போகும் உணவு லாரிகளைத் தடுக்காமல் விடச் செய்யலாம். இவற்றுக்காக ஒரு சிப்பாய்கூட எல்லை கடக்க வேண்டியதில்லை. கவுன்சிலில் ஒரு தீர்மானமும், அதை வீட்டோவால் தடுக்காத ஐந்து நாடுகளும் போதும்.