கை படாத தீங்கு

ஒருவர் மற்றொருவருக்குத் தீங்கு இழைத்தார் என்னும் கூற்று செய்தவரின் செயலைச் சுட்டுகிறதா, அதற்கு ஆளானவரின் நிலையைச் சுட்டுகிறதா என்பது மெய்யியலின் பழைய வினா. ஆயினும் அது மிகக் கூர்மையாக எழுந்தது இங்கிலாந்தின் ஒரு தண்டனைச் சட்டத்தில்தான். உடலுக்கு எதிரான குற்றங்களைத் தொகுத்த 1861ஆம் ஆண்டுச் சட்டம், வேண்டுமென்றே கொடுங்காயம் உண்டாக்குவோரைப் பற்றிய 18ஆம் பிரிவில், விளைவித்தல் என்று பொருள்படும் 'காஸ்' என்ற வினையையும், ஐந்தாண்டுச் சிறைவரை தண்டனை தரும் 20ஆம் பிரிவில் 'இன்ஃப்ளிக்ட்' என்ற வினையையும் ஆள்கிறது. பின்னது அடித்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது என்பதால், அடியே விழாத இடத்தில் அது பொருந்துமா என்ற ஐயம் எழுந்தது.

1888இல் கிளாரன்ஸ் வழக்கு அந்த ஐயத்தை நீதிபதிகள் முன் நிறுத்தியது. தனக்கு மேகவெட்டை நோய் இருப்பதை அறிந்த கணவன், அதை அறியாத மனைவியோடு கூடி அவளுக்கும் அந்நோயைத் தொற்றவைத்தான். பதின்மூன்று நீதிபதிகளில் ஒன்பது பேர் அவன்மீதான குற்றத் தீர்ப்பை நீக்கினர். பெரும்பான்மையினருள் ஒருவரான ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், வெட்டுக்கும் புண்ணுக்கும் இடையே உள்ள உடனடித் தொடர்பு, காலந்தாழ்த்தி, உறுதியின்றி வெளிப்படும் தொற்றில் இல்லை என்று வாதிட்டார். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் 'சுதந்திரம் பற்றி' என்ற நூலில், பிறருக்கு நேரும் தீங்கைத் தடுப்பதற்காக மட்டுமே ஒருவர்மீது வற்புறுத்தலைச் செலுத்தலாம் என்று நிறுவியதை, 1873இல் நூலெழுதி மறுத்தவரும் இதே ஸ்டீபன்தான். சட்டம் ஒழுக்கத்தையும் காக்க வேண்டும் என்று மில்லோடு மல்லுக்கட்டியவர், மனைவிக்கு நேர்ந்த கண்கூடான கேட்டின் முன் ஒரு வினைச்சொல்லின் எல்லைக்குள் ஒதுங்கிக்கொண்டது வியப்புக்குரியது. அவர் சில ஆண்டுகள் சட்ட உறுப்பினராகப் பணியாற்றிய இந்தியாவில், மெக்காலேயின் வரைவிலிருந்து உருவான 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், உடல்வலியோடு நோயையும் காயம் என்ற சொல்லுக்குள் அப்போதே சேர்த்திருந்தது.

ஸ்டீபனின் வாதத்தை வெறும் சொற்பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. செயலுக்கும் விளைவுக்கும் இடையில் காலமும் தற்செயலும் புகப்புக, செய்தவரைப் பொறுப்பாளி என்பதற்கான பிடி தளர்கிறது என்ற எண்ணம் அதில் உண்டு. ஆனால் கையின் நெருக்கம் அறிவின் நெருக்கத்துக்கு ஓர் அடையாளமே தவிர, அதுவே பொறுப்பின் உள்ளடக்கம் அன்று. அடிப்பவர் என்ன நேரும் என்று அறிந்தே அடிக்கிறார் என்பதால்தான் அடிக்கு அவர் பொறுப்பாகிறார். நோயை மறைத்தவரும் அதே அறிவோடு செயல்பட்டிருக்கும்போது, இடையில் கழிந்த நாட்கள் அவர் குற்றத்தைக் குறைப்பதில்லை. அமெரிக்க மெய்யியலாளர் ஜோயல் ஃபைன்பர்க் 1984இல், ஒருவரின் நலனைப் பின்னடையச் செய்வதும், அது அவருக்கு இழைத்த அநீதியாக இருப்பதும் ஆகிய இரண்டும் கூடுவதே சட்டம் கருதத்தக்க தீங்கு என்று வரையறுத்தபோது, அடி என்பதற்கு அதில் இடமே தேவைப்படவில்லை.

சட்டம் மெதுவாகவே அங்கு வந்துசேர்ந்தது. பேசாத தொலைபேசி அழைப்புகளாலும் விடாத பின்தொடர்தலாலும் மனநோய்க்கு ஆளானவர்களின் வழக்குகளில், நேரடி வன்முறை இன்றியும் இன்ஃப்ளிக்ட் பொருந்தும் என்று பிரபுக்கள் சபை 1997இல் தீர்ப்பளித்தது. கலவிக்கு உடன்படுவது நோயின் அபாயத்துக்கு உடன்படுவதாகாது என்று 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எச்ஐவி தொற்று வழக்கொன்றில் கூறியபோது, கிளாரன்ஸ் தீர்ப்பின் அடித்தளம் தகர்ந்தது.

இவ்வாறு விரிந்த வினைக்கு வேறோர் எல்லை தேவைப்பட்டது. அச்சம், துயரம், பதற்றம் போன்ற வெறும் உணர்ச்சிகள் போதா, மருத்துவம் ஏற்கும் மனநோய் வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இலேயே கூறியிருந்தது. இதன்படி, ஒரே வகை அழைப்புகளை ஒரே எண்ணிக்கையில் பெற்ற இரு பெண்களுள் மனம் நொறுங்கியவருக்கு மட்டுமே தீங்கு இழைக்கப்பட்டதாகும். தாங்கிக்கொண்டவருக்கு அது இல்லை. செய்தவரின் அறிவும் செயலும் இரண்டிலும் ஒன்றே என்பதால், தாங்கியவரின் மனத்திண்மை குற்றவாளிக்குச் சலுகையாகிவிடுகிறது. அதே 1997இல் இயற்றப்பட்ட தொல்லைத் தடுப்புச் சட்டம், நோய் உண்டானதா என்று கேளாமல், திரும்பத் திரும்ப நிகழ்ந்த நடத்தையையே குற்றமாக்கியது. 20ஆம் பிரிவின் அளவுகோல் மட்டும் மருத்துவரின் கையிலேயே இருக்கிறது.