கண்ணுக்காக ஏற்பட்ட அனுமதி

பூமியெங்கும் சென்று பாருங்கள் என்று திருமறை பல இடங்களில் மனிதனை ஏவுகின்றது. அழிந்துபட்ட சமுதாயங்களின் முடிவைக் காணவும், படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்பதை எண்ணவும் பயணத்தையே அது பாடசாலையாக்குகின்றது. நம்பிக்கை கொண்ட ஆண்களும் பெண்களும் தங்கள் பார்வையைத் தாழ்த்திக் கொள்ள வேண்டும் என்று பணிப்பதும் அதே திருமறைதான். சென்று பார் என்பதும் கட்டளை. பார்வையைத் தாழ்த்து என்பதும் கட்டளை. இவ்விரண்டுக்கும் நடுவே காலங்காலமாக எத்தனையோ பேர் நடந்திருக்கின்றார்கள். ஆயினும் தோளில் காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு உலகைச் சுற்றுகின்றவனைப் போல் அந்த இடைவெளியில் இடர்ப்படுபவன் வேறு எவனுமில்லை. ஏனைய பயணிகள் பார்த்ததைப் பார்த்த இடத்திலேயே விட்டு வருகின்றனர். இவன் எடுத்து வருகின்றான்.

உருவப்படம் ஆகுமா, ஆகாதா என்னும் பழைய வழக்கை இங்கே விசாரிக்க நான் முற்படவில்லை. கையால் வரைவது வேறு, கருவியால் பதிவது வேறு. பின்னது விழுகின்ற நிழலைத் தடுத்து நிறுத்துவதே என எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மத் பகீத் அல்முதீஈ அவர்கள் வாதிட்டார்கள். அதனை ஒப்பாத ஆலிம்களும் உண்டு. ஹஜ்ஜுக்காகக் கடவுச்சீட்டு எடுக்கின்ற எவரும் அவ்வழக்கில் ஒரு தீர்ப்பை நடைமுறையில் ஏற்றுக்கொண்டவரே. என் கவலையெல்லாம் அந்த வழக்குக்குப் பின்னால் கேட்பாரற்று நிற்கும் மற்றொரு கேள்வியைப் பற்றியது. படம் ஆகுமானதென்றே வைத்துக்கொள்வோம். பிறருடைய முகத்தை அவருடைய இசைவின்றி எடுத்துக்கொள்ளும் உரிமை பயணிக்கு எங்கிருந்து வந்தது?

எங்கள் சேலத்துச் சமவெளி காமிராவுக்குப் புதியதன்று. சென்னைப் படையைச் சேர்ந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார், 1855இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் படமெடுத்துத் திரும்பியவர். பின்னர் சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக நியமனம் பெற்றுத் தென்னாட்டைச் சுற்றினார். 1858இல் அவருடைய படத்தொகுதிகள் வெளிவந்தபோது மதுரை, தஞ்சை, திருவரங்கம் ஆகியவற்றோடு, சேலம் மாவட்டத்து இராயக்கோட்டைக்கும் பிற ஊர்களுக்கும் ஒரு தொகுதி கிடைத்தது. (இராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது.) திப்பு சுல்தானிடமிருந்து 1792இல் கும்பினியார் பெற்ற பூமி இது என்பதை நினைத்தால், ஒரு படைவீரரின் கண் முதலில் கோட்டையின் மேல் சென்றதில் வியப்பில்லை.

டிரைப்பின் படங்களை நோக்குவோரை முதலில் தாக்குவது அவற்றில் நிலவும் வெறுமையாகும். தெருக்கள் உண்டு, தெருவில் ஆளில்லை. மண்டபங்கள் உண்டு, மண்டபத்தில் ஒதுங்கியவர் இல்லை. அக்காலத்து மெழுகு பூசிய காகிதத்தில் ஒளி பதிய நெடுநேரம் பிடிக்கும். அசையாதது பதியும், அசைவது பதியாமல் போகும். வண்டியோட்டியவன், தண்ணீர்க் குடம் சுமந்தவள், வேடிக்கை பார்க்க ஓடிவந்த சிறுவன் ஆகியோரெல்லாம் காமிராவின் முன் நடந்து சென்றிருந்தாலும் காகிதத்தில் அவர்களுக்கு இடமில்லாமற் போயிற்று. இன்னொரு செய்தியும் உண்டு. அவர் படங்கள் பலவற்றில் காணும் மேகங்கள் வானத்து மேகங்களல்ல. வெறுமையாகப் பதிந்த வானத்தில் அவரே தூரிகையால் தீட்டியவை. இல்லாத மேகத்தைச் சேர்க்கப் பொறுமை இருந்தது. இருந்த மனிதரைச் சேர்க்கக் கருவிக்கு வலிமை இல்லை. இதில் அவரைக் குறைகூற நான் விரும்பவில்லை. எவரையும் பறிக்காத படம் என்ற அளவில், அந்த வெறுமையில் ஒருவகைத் தூய்மை இருப்பதாகவும் தோன்றுகின்றது.

அந்தத் தூய்மை இருபதாண்டுகளுக்குள் மறைந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாட்டைக் குடிக்கணக்கே சொல்லும். 1871இல் 19 இலட்சத்துக்கும் மேலிருந்த மக்கள் 1881இல் 16 இலட்சத்துக்குள் சுருங்கினர். அப்பஞ்சத்தில் பட்டினி கிடந்தோரை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற இராணுவ அதிகாரி படமெடுத்தார். விலா எலும்புகள் எண்ணத்தக்க உடல்களைக் குழுக்குழுவாக அமர்த்தி, முறைப்படி வரிசைப்படுத்தி எடுத்த படங்கள் அவை. அமர்ந்திருப்போரில் எவருக்கும் பெயரில்லை. எந்த ஊர், எந்தக் குடும்பம், படமெடுத்த பின் பிழைத்தாரா என்ற விவரமும் இல்லை. இதே ஹூப்பர் 1886இல் மாந்தளையில் பர்மியக் கைதிகளைச் சுட்டுக் கொன்றபோது, துப்பாக்கி வெடிக்கும் நொடியும் காமிராவின் நொடியும் ஒன்றாக அமையுமாறு காத்திருந்து படமெடுத்தார் என்று குற்றஞ்சாட்டப்பெற்றார். விசாரணை நடந்தது, கண்டிக்கப்பட்டார், இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை அது பேசப்பட்டது. மாந்தளைச் செயலைக் கொடுமையென்று கூற எவருக்கும் தயக்கமில்லை. பஞ்சப் படத்தைக் குறித்தோ நாம் தடுமாறுகின்றோம். அப்படங்களால் பஞ்சத்தின் கொடுமை உலகுக்குத் தெரிந்ததல்லவா என்று ஒரு குரல் எழுகின்றது. அது எளிதில் ஒதுக்கத்தக்க குரலன்று. பின்னர் அதற்கு வருகின்றேன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. பெருமானார் அவர்கள் தலை கோதும் சீப்பு ஒன்றைக் கையில் வைத்திருந்த வேளையில், ஒரு மனிதர் அவர்களுடைய அறையின் துவாரம் வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். பார்ப்பது தெரிந்திருந்தால் இதைக்கொண்டே கண்ணில் குத்தியிருப்பேன் என்ற பொருள்பட அண்ணலார் சினந்து, வீட்டினுள் நுழைய அனுமதி கேட்கும் முறை ஏற்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்று விளக்கினார்கள். இதன் ஆழத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். வாசலில் நின்று ஸலாம் கூறி அனுமதி கேட்பது கால் உள்ளே நுழைவதற்காக என்றே நாம் நினைத்து வந்திருக்கின்றோம். அண்ணலாரோ அது கண் நுழைவதற்காக என்றார்கள். கால் வெளியே நிற்கும்போதே கண் உள்ளே போய்விட முடியும். போய்விட்டால் அத்துமீறல் முடிந்துவிட்டது.

காமிரா என்ற சொல்லுக்கே இலத்தீனில் அறை என்றுதான் பொருள். இருட்டறையில் சிறு துவாரம் வழியே புகும் ஒளி வெளிக்காட்சியைச் சுவரில் தலைகீழாக வீழ்த்துவதை ஆராய்ந்தவர்களில் தலையாயவர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த நம் இப்னுல் ஹைதம் அவர்கள். எட்டிப் பார்த்த மனிதரின் முன்னும் ஒரு துவாரம், காமிராவிலும் ஒரு துவாரம்! தம் வீட்டில் இருப்பவரைத் துவாரம் வழியே நம் அறைக்குள் இழுத்துக்கொள்வதற்கு அனுமதி தேவையில்லை என்று எந்த நியாயத்தில் சொல்வது?

பார்க்கப்படுவோனின் இடத்தில் நின்ற பயணி ஒருவரும் நம் வரலாற்றில் உண்டு. மதுரை சுல்தான்களின் காலத்தில் தமிழகத்துக்கும் வந்து சென்ற இப்னு பதூதா, சீனத்து நகரொன்றில் தோழர்களுடன் ஓவியர் கடைவீதியைக் கடந்து அரண்மனைக்குச் சென்றார். மாலையில் திரும்பும்போது, தம்முடைய உருவமும் தோழர்களுடைய உருவங்களும் காகிதத்தில் தீட்டப்பட்டுச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கக் கண்டார். ஒருவர் உருவத்தை ஒருவர் பார்த்து, அச்சொட்டாக இருப்பதை வியந்தனர். அந்நியர் எவர் வந்தாலும் இவ்வாறு வரைந்து வைப்பது அங்கே வழக்கமென்றும், குற்றம் செய்து ஓடினால் ஊர்தோறும் அனுப்பிப் பிடிப்பதற்கு அது உதவுமென்றும் அவர் குறிப்பிடுகின்றார். உலகையே பார்த்தவரை உலகம் அவர் அறியாமல் பார்த்து வைத்திருக்கின்றது. அவர் எழுத்தில் வியப்பே மிகுதியாகத் தெரிகின்றது. ஆனால் அவ்வோவியம் எதற்கு என்பதைக் கேட்ட பின், நாமாயிருந்தால் வியப்போடு நின்றிருப்போமா?

தமிழருள் காமிராவோடு உலகைச் சுற்றியவர் என்றால் கோட்டையூர் ஏ. கே. செட்டியார் (1911-1983) அவர்களே முதலில் நினைவுக்கு வருவார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் படப்பிடிப்புக் கலை பயின்றவர். ‘உலகம் சுற்றும் தமிழன்’ நூலும் ‘குமரி மலர்’ இதழும் தந்தவர். அவருடைய பயணங்களில் பெரியது புதிதாகப் படமெடுக்கச் சென்றதன்று; காந்தியடிகளைப் பற்றிப் பிறர் எடுத்து வைத்திருந்த படங்களைக் கேட்டுப் பெறச் சென்றதாகும். கண்டம் விட்டுக் கண்டம் சென்று, கதவு கதவாகத் தட்டிச் சேர்த்த 50,000 அடிப் படச்சுருளிலிருந்து 1940இல் அவருடைய காந்தி படம் உருவாயிற்று. கேட்டுப் பெறுவதையே தொழிலாகக் கொண்ட அவர், தம் முகத்தை எங்கும் முன்னிறுத்த விரும்பாதவர் என்றும் பெயர் பெற்றார். இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டென்றே நான் கருதுகின்றேன்.

காந்தியடிகளும் படம் எடுக்கப்படுவதற்கு நிபந்தனை வைத்தவர். 1946இல் அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் போர்க் ஒயிட் அவரை இராட்டையுடன் படமெடுக்க வந்தபோது, முதலில் இராட்டையில் நூற்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஆசிரமத்தில் சொல்லப்பட்டது. கண்ணைக் கூசச் செய்யும் மின்னொளி விளக்குக்கும் கட்டுப்பாடு இருந்தது. மகாத்மாவால் நிபந்தனை விதிக்க முடிந்தது. விதிக்க முடியாதவர்களைப் பற்றியதே நம் பேச்சு.

1984இல் பெஷாவருக்கு அருகில் நாஸிர் பாக் அகதிகள் முகாமில், ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுள்ள ஆப்கன் சிறுமி ஒருத்தியை அமெரிக்கப் பயணப் படப்பிடிப்பாளர் ஸ்டீவ் மெக்கரி எடுத்தார். மறுவருடம் அந்தப் பச்சை விழிகள் ஒரு பத்திரிகையின் அட்டையில் வந்து உலகெங்கும் பரவின. அவள் பெயர் என்ன என்பது 2002 வரை வெளியுலகுக்குத் தெரியாது. அவ்வாண்டில்தான் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவர் ஷர்பத் குலா. அதுவரை தம் படத்தை அவர் கண்டதே இல்லை. அந்நியர் ஒருவர் படமெடுத்தபோது தமக்குக் கோபம் வந்ததாக அவர் கூறினார். பல்லாண்டுகளாக உலகம் அந்த விழிகளில் போரின் அச்சத்தைப் படித்துக்கொண்டிருந்தது; அவற்றில் காமிராவின் மேல் கொண்ட கோபமும் இருந்திருக்கின்றது. 2016இல் அடையாள அட்டை வழக்கில் அவர் பாகிஸ்தானில் கைதானபோது, அந்தப் பழைய முகம் மீண்டும் செய்தியாயிற்று. 2021இல் இத்தாலி அவருக்கு அடைக்கலம் அளித்ததற்கும் அம்முகத்தின் புகழ் உதவியிருக்கும் என்பதை மறுக்க முடியாது. எனினும் நன்மை பின்னால் வந்தது என்பதால், முன்னால் கேட்காதது கேட்டதாக ஆகிவிடுமா?

நிய்யத் நல்லதாயின் செயலும் நல்லதே என்று நம்மவர் எளிதில் கூறிவிடுகின்றார்கள். நிய்யத் எடுப்பவரிடம் இருக்கின்றது; முகம் எடுக்கப்படுபவருடையது. பிறர் பொருளில் நம் நிய்யத்தைக் கொண்டு உரிமை கொண்டாட மார்க்கம் எவ்விடத்தும் இடந்தரவில்லை. பஞ்சப் படத்துக்காகப் பேசிய குரலுக்கு என் விடை இது: கொடுமையைக் காட்டுவது கடமையாகும் நேரம் உண்டு. அநீதி இழைக்கப்பட்டவருக்கு உரத்துப் பேசத் திருமறையே இடமளிக்கின்றது. ஆனால் அது அவருடைய பேச்சு. அவர் பெயரையும் ஊரையும் கேட்டறியாமல், அவர் என்ன சொல்ல விரும்புகின்றார் என்று வினவாமல், விலா எலும்பை மட்டும் ஊர் ஊராகக் காட்டுவது அவர் பேச்சாகாது.

ஆத்தூரிலிருந்து இராசிபுரம் வரை ஜவ்வரிசி ஆலைகளின் களங்களில் மரவள்ளி மாவு வெயிலில் காய்கின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மை. நடுவே மாவைக் கிளறிக்கொண்டு நடக்கும் பெண்கள். பயணப் படப்பிடிப்பாளருக்கு இதைவிட அரிய காட்சி வாய்க்காது. காமிராவின் ஒளிமானி அந்த வெண்மையைக் கண்டு மயங்கி ஒளியைக் குறைத்துவிடும். களம் அழகாகப் பதிய, பெண்ணின் முகம் முகமற்ற கரிய நிழலாகிவிடும். முகமும் தெரிய வேண்டுமானால் எடுப்பவர் அருகே செல்ல வேண்டும். அருகே சென்றால் பேச வேண்டும். பேசினால் அவர் வேண்டாம் என்று சொல்லவும் கூடும். திரும்பிச் செல்லுங்கள் என்று வீட்டார் சொன்னால் திரும்பிவிடுங்கள், அதுவே உங்களுக்குத் தூய்மையானது என்பது திருமறை நமக்குக் கற்பித்த வாசல் ஒழுக்கம்.

இவையெல்லாம் உலகம் சுற்றுவோருக்கு உரியவை, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். இன்று ஒவ்வொருவர் கையிலும் காமிரா இருக்கின்றது. ரமலான் வந்தால் நம் மஹல்லாக்களில் அரிசிப் பை வழங்கப்படுகின்றது. கொடுப்பவர் ஒரு பக்கமும் பெறுபவர் மறுபக்கமும் பையைப் பிடித்திருக்க, படம் எடுக்கப்படுகின்றது. தருமத்தை மறைத்துச் செய்வதன் மேன்மையை அறியாதவர்களல்ல நம் நிர்வாகிகள். பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்கின்றார்கள். அந்த நியாயமும் மெய்யே. கணக்குக்குப் பைகளைப் படமெடுக்கலாம், இரசீதைக் காட்டலாம். முகம்தான் வேண்டுமென்றால், பை கையிலிருக்கும்போது கேட்கும் அனுமதி அனுமதியாகாது. பையைக் கொடுத்தனுப்பிவிட்டு, அவர் வீடு சேர்ந்து அடுப்பேற்றி நோன்பும் திறந்த பின்னர், மறுநாள் அவருடைய வாசலில் நின்று ஸலாம் கூறிக் கேட்க வேண்டும்.