மடிப்பிச்சையும் மரதனும்

அத்தான் நேராகவே கேட்டார்: "சீனி வருத்தம் வரப்போகுது எண்டு டொக்டர் சொன்னதாலதானே ஓடத் தொடங்கினனீ? பிறகேன் அதைப் பிள்ளையின்ர பேரில தர்மம் எண்டு சொல்லுறாய்?"

லண்டன் மரதனில் தொண்டமைப்புகளுக்கென்று இடங்கள் உண்டு. அந்த இடத்தில் ஓடுகிறவர் ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுப்பதாக வாக்களிக்க வேண்டும். தேசிய ஓட்டிசச் சங்கத்துக்காக 2000 பவுண் சேர்க்க நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஓடினால் என் இரத்தத்தில் சீனி குறையும். சங்கத்துக்குக் காசும் போகும். கொடுப்பவருக்கே பலன் தருகிற கொடை, கொடைதானா?

ஆம் என்பேன். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று சைவம் நாலு வழி சொல்லுகிறது. முதல் வழியே உடம்பால் செய்யும் தொண்டு. அப்பர் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கினார். அதனால் அவருடைய தோள் உரம் பெற்றதா என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை. என் விஷயத்தில் உடம்பைப் பேணுவதே கடமையில் பாதி. ஓட்டிசம் உள்ள என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பேச்சில்லை. குளிக்க வார்க்கவும், றோட்டில் கை பிடிக்கவும் என்னுடைய எழுபது வயதிலும் அவனுக்கு ஆள் வேண்டியிருக்கலாம். எனக்குப் பிறகு ஆர் என்ற கேள்வி என்னை நித்திரை கொள்ள விடாது. அந்தப் 'பிறகு' கொஞ்சக் காலம் பிந்தி வரட்டும் என்றும்தான் ஓடுகிறேன். இதைச் சுயநலம் என்று ஒருவர் சொன்னால், சொல்லட்டும்.

என்னை உறுத்துவது வேறொன்று. அம்மா இவனுக்காக நேர்த்தி வைத்து, நல்லூர் முருகன் கோயில் வீதியில் விழுந்து கும்பிட்டு எழும்பி அடியழித்தவ. மடிப்பிச்சையும் எடுத்தவ. கை நீட்டிக் கேட்கும்போதுதான் செருக்குப் போகும் என்பது அவவின் நம்பிக்கை. காசு சேர்க்கும்போது அது உண்மை என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் அவவின் நேர்த்தி, பிள்ளை கதைக்க வேணும் என்பது. அவனை மாற்றித் தரும்படி நான் முருகனிடமும் கேட்கவில்லை. 1993இல் ஜிம் சின்கிளேர் என்ற ஓட்டிச மனிதர், எங்களுக்காகத் துக்கம் கொண்டாட வேண்டாம் என்று தொறொன்ரோ மாநாடொன்றில் பெற்றோரைப் பார்த்துச் சொன்னார். நான் அவர் பக்கம்.

நிதி திரட்டும் வேலையோ துக்கத்தைக் காட்டியே பழகியது. நான் காசு சேர்க்கும் இந்தச் சங்கத்தை 1962இல் தொடங்கியவர்கள் பெற்றோர். மனநல மருத்துவர் லோர்னா விங்கும் அப்படி ஒரு தாய்தான். அடுத்த வருடம் அவர்களுடைய சின்னமாக வந்தது ஒரு புதிர்த் துண்டு. அதற்குள்ளே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. வரைந்தவரும் ஒரு தகப்பன். இப்படியான பிள்ளைகள் பலரைப் படிப்பிக்கவே முடியாது என்று பள்ளிக்கூடத்துக்கு வெளியே விட்ட காலம் அது. அந்த அழுகைக்குக் காரணம் இருந்தது. ஆனாலும் அழுகிற பிள்ளையைக் கண்டவருக்குச் சில்லறை போடத்தான் தோன்றும், பக்கத்துக் கதிரையைக் கொடுக்கத் தோன்றாது. சங்கமே பின்னாளில் அந்தச் சின்னத்தைக் கைவிட்டது.

மகனின் படம் போட்டால் காசு கெதியாகச் சேரும் என்று எனக்கும் சொன்னார்கள். அவன் கதைக்கப் பாவிக்கும் டப்லெட்டை முன்னால் வைத்து, படத்தைக் காட்டி, இதை எல்லாருக்கும் காட்டட்டோ என்று கேட்டேன். 'வேண்டாம்' என்பதை அழுத்தினான். சற்று நேரம் கழித்துக் கேட்டபோதும் அதே பதில். கொடுப்பவரின் மனம் எப்படி இருக்க வேண்டும், வாங்குபவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று தர்மத்தைப் பற்றி எவ்வளவோ கேட்டு வளர்ந்தேன். எவர் பெயரால் கேட்கிறோமோ அவருடைய சம்மதம் வேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அதுதான் முதல் நிபந்தனை.

ஆகவே என் வேண்டுகோளில் அவன் படம் இல்லை. பிள்ளைக்குப் பாடசாலையில் உரிய உதவி கேட்டு மேன்முறையீடு செய்யும் பெற்றோருக்குச் சங்கம் தருகிற ஆலோசனையைப் பற்றி எழுதியிருக்கிறேன். காசு மெதுவாகத்தான் சேருகிறது. ஏப்ரலுக்குள் 2000 சேராவிட்டால் மிச்சத்தை நானே கட்டுவேன்.