நாக்கின் சாட்சியம்

ருசியைப் பற்றிச் சர்ச்சை கூடாது என்று ஒரு பழைய லத்தீன் வசனம் உண்டு. ஆனால் சிறுபத்திரிகைகளில் நாம் செய்து வந்திருப்பதெல்லாம் அந்தச் சர்ச்சைதான். ஒரு கவிதை நன்றாயிருக்கிறது என்று ஒருவன் சொல்லும்போது தன் நாக்கைப் பற்றிச் சொல்கிறானா, கவிதையைப் பற்றிச் சொல்கிறானா? க.நா.சு.வின் பட்டியல்கள் கிளப்பிய கோபத்தின் அடியில் இருந்ததும் இந்தக் கேள்விதான் என்று தோன்றுகிறது.

டேவிட் ஹ்யூம் 1757இல் ரசனையின் அளவுகோலைப் பற்றி எழுதிய கட்டுரையில் செர்வாண்டிஸிடமிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். சாங்கோவின் உறவினர் இருவரை ஒரு பீப்பாய் ஒயினை ருசி பார்க்கச் சொல்கிறார்கள். நல்ல ஒயின்தான், கொஞ்சம் தோல் ருசி அடிக்கிறது என்கிறார் ஒருவர். இரும்பு ருசி என்கிறார் மற்றவர். எல்லோரும் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய ஒரு சாவி கிடக்கிறது. நுட்பமான நாக்கு உண்டு, அதற்கு நிரூபணமும் உண்டு என்று ஹ்யூம் திருப்தியடைகிறார். எனக்கு அந்தத் திருப்தி வரவில்லை. கவிதையின் அடியில் சாவி கிடையாது. அந்தப் பீப்பாய் காலியாவதும் இல்லை. யாரும் சரிபார்க்க முடியாத இடத்தில் உண்மையைச் சொல்ல என்ன நிர்ப்பந்தம்? நண்பர் எழுதியதை நண்பர்களே படித்துத் தலையாட்டும் நம்மைப் போன்ற சிறு கூட்டத்துக்கு இது ஒழுக்கப் பிரச்னை.

நேர்மை மட்டும் போதுமா என்றால் அதுவும் சந்தேகம். 2001இல் வெளியான ஒரு ஆய்வில், போர்தோவில் ஒயின் இயல் படித்த 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை அவர்கள் வர்ணித்தார்கள். பொய் சொல்லவில்லை, கண் கண்டதை மூக்கு முகர்ந்தது. 1976இல் பாரிஸில் லேபிளை மறைத்து வைத்தபோது, பிரெஞ்சு நடுவர்களே ஒரு கலிபோர்னியச் சிவப்பு ஒயினுக்கு முதலிடம் கொடுத்தார்கள். கவிதைக்கு மேல் அச்சான பெயர் நமக்கு அந்தச் சாயம், அந்த லேபிள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு நண்பர் கொண்டுவந்த போர்தோ புட்டியைத் திருவேங்கடத்தில் நாலுபேர் சேர்ந்து திறந்தோம். காபர்னே சோவின்யோனும் மெர்லோவும் கலந்தது. முன்னது தாமதமாகப் பழுக்கும், துவர்ப்பு அதிகம். பின்னது முந்திப் பழுக்கும், மிருதுவானது. ஒன்று பொய்த்தால் மற்றது கைகொடுக்கும். பருத்திக்குள் உளுந்தை ஊடுபயிராகப் போடும் கரிசல் சம்சாரியின் கணக்குதான். ஆட்டிறைச்சியோடு குடிக்க வேண்டும் என்பது பிரெஞ்சு மரபு. துவர்ப்பு எச்சிலின் புரதத்தைப் பிடித்து வாயை உலர்த்தும். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அதைத் தணிக்கும். எங்களிடமும் ஆட்டுக்கறிதான் இருந்தது, ஆனால் வற்றல் மிளகாய் அரைத்த குழம்பில். மதுவோ மிளகாயின் எரிச்சலைக் கூட்டக்கூடியது. குழம்பு தின்ற வாயோடு குடித்தவர் 'மட்டம்' என்றார். வெறும் வாயோடு குடித்தவர் நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கிறது என்றார். இரண்டும் உண்மை. துவர்ப்பை நாம் அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கிறோம். மேற்கத்திய உடலியலில் பலர் அதை ருசியாகவே எண்ணுவதில்லை, தொடுவுணர்ச்சி என்கிறார்கள். எதுவும் தின்னாத, எந்தப் பாஷையும் பேசாத நாக்கு எங்கும் இல்லை.

இதனால் எல்லா ருசியும் சமம் என்று ஆகிவிடாது. 'இந்தக் கவிதை மட்டம்' என்பது தீர்ப்பு. 'இன்னதைத் தின்ற வாயோடு படித்தேன், இந்த இடத்தில் எரிந்தது' என்பது சாட்சியம். தீர்ப்புக்கு அதிகாரம் தேவைப்படுகிறது. சாட்சி சொல்பவன் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். நண்பர் மனம் கோணாமலிருக்க நான் தலையாட்டினால், என் சொல்லை நம்பி அடுத்த மடக்கைக் குடிப்பவரின் நாக்கையும் சேர்த்துக் கெடுக்கிறேன். சாவி இல்லாத பீப்பாயில் நமக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சோதனை அடுத்தவரின் நாக்கு. அதைக் கெடுத்துவிட்டால் பிறகு கேட்க யாரும் இல்லை.