மனச்சாட்சியும் பேரரசரின் அமைச்சரவையும்

கடவுளுக்கு மட்டுமே கணக்குக் காட்ட வேண்டியவராகத் தம்மைக் கருதும் ஓர் அரசரிடம் பணிபுரியும் அமைச்சர் யாருக்குப் பொறுப்பாளர் என்ற கேள்விக்கு, ரஷ்யப் பேரரசின் அமைச்சரவை கடைசிவரை தெளிவான விடை காணவில்லை. 1896இல் மாஸ்கோவில் திருத்தைலம் பூசப்பெற்று முடிசூடிய இரண்டாம் நிக்கோலாஸுக்கு ஆட்சி என்பது இறைவன் முன் ஏற்ற கடமை. அதைப் பிறரோடு பங்கிட்டுக்கொள்வது தாராளமன்று, கடமை தவறுவதே என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

அமைச்சகங்களை 1802இல் முதலாம் அலெக்சாண்டர் நிறுவியது முதல், ஒவ்வோர் அமைச்சரும் தனித்தனியே அரண்மனைக்குச் சென்று தம் துறை அறிக்கையைப் பேரரசரிடம் நேரில் அளிப்பதே வழக்கமாக இருந்தது. அமைச்சர்கள் ஒன்றுகூடி ஒரே குரலில் பேசினால் தம் அதிகாரம் சுருங்கிவிடும் என்ற அச்சம் அரசர்களுக்கு எப்போதும் உண்டு. 1861இல் முறைப்படி அமைந்த அமைச்சரவைக்கும் பேரரசரே தலைவர். இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குள், 1881 மார்ச்சில், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளைச் சட்ட ஆலோசனையில் சேர்க்கும் திட்டத்தை அந்த அவை விவாதித்தபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர் போபெதோனோஸ்த்ஸெவ். திருச்சபையை நிர்வகித்த புனித சினாடில் பேரரசரின் சார்பாக அமர்ந்த அரசு அதிகாரி அவர். ‘ஓபர்-புரோகுரேட்டர்’ என்பது அப்பதவியின் பெயர். அவர் எழுதிய பிரகடனம் ஏப்ரலில் வெளியாகி முடியாட்சியின் முழு உரிமையை உறுதிசெய்தபின் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டுக்குப் பின் அவையும் கூடுவதை நிறுத்திக்கொண்டது.

1905ஆம் ஆண்டுப் புரட்சியின் நெருக்கடியில்தான் விட்டே தலைமையில் அமைச்சரவை புத்துயிர் பெற்றது. எனினும் படை, வெளியுறவு, அரண்மனை ஆகியவை பொதுவாக அதன் வரம்புக்கு வெளியே நின்றன; 1906ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டங்களும் அமைச்சர்களை நாடாளுமன்றமான தூமாவுக்கன்றிப் பேரரசருக்கே பொறுப்பாக்கின. அச்சட்டங்களின் நான்காம் பிரிவு, பேரரசருக்கு அச்சத்தால் மட்டுமன்றி மனச்சாட்சியின் பொருட்டும் கீழ்ப்படியுமாறு கடவுளே பணிக்கிறார் என்று, பவுலடியார் ரோமருக்கு எழுதிய நிருபத்தை அடியொற்றிக் கூறியது. அச்சத்தால் பணிபவரிடம் சட்டம் வேண்டுவது செயலை மட்டுமே. மனச்சாட்சியால் பணியச் சொல்லும் சட்டமோ, அந்த மனச்சாட்சி மறுத்துப் பேசுவதற்கும் தன்னையறியாமல் வழிவிடுகிறது.

அந்த மறுப்பு 1915 ஆகஸ்டில் வந்தது. போர்முனையில் தோல்விகள் குவிந்த நிலையில், பெரிய கோமகன் நிக்கோலாயை நீக்கிவிட்டுப் படைத்தலைமையைத் தாமே ஏற்கப் பேரரசர் முடிவுசெய்தார். இனிவரும் ஒவ்வொரு தோல்வியும் அரியணையின் தோல்வியாகும் என்று அமைச்சர்கள் அஞ்சினர். 75 வயதான அவைத் தலைவர் கொரெமீக்கினோ, அரசர் இறைவனால் அபிஷேகம் பெற்றவராதலால் அவர் சித்தத்தை நிறைவேற்றுவதன்றி அமைச்சருக்கு வேறு வேலையில்லை என்று வாதிட்டார். பழைய நாட்காட்டிப்படி ஆகஸ்ட் 21இல் எட்டு அமைச்சர்கள் கூட்டாக ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டு, அம்முடிவு பேரரசருக்கும் நாட்டுக்கும் கேடு விளைவிக்கும் என்றும், தலைவரோடு இத்தனை வேறுபட்ட நிலையில் தங்களால் பயனுறப் பணியாற்ற இயலாது என்றும் தெரிவித்தனர். அதை வரைந்தவர் சமாரின். போபெதோனோஸ்த்ஸெவ் முன்பு வகித்த அதே பதவியில் அப்போது இருந்தவர். முடியாட்சியில் ஆழ்ந்த பற்றுள்ள அவரைத் தாராளவாதி என்று எவரும் சொல்ல முடியாது என்பதே இந்நிகழ்ச்சியின் கனத்தைக் காட்டுகிறது.

கொரெமீக்கினை வெறும் முகத்துதி செய்பவராகத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவர் வாதத்தில் முரணில்லை. அரசரின் முடிவுக்கு அரசரே இறைவனிடம் விடை சொல்வார் என்றால், அமைச்சரின் கை மட்டும் போதும், மனம் தேவையில்லை. இந்த வாதத்தின் குறை வேறிடத்தில் உள்ளது: ஆணையை நிறைவேற்றுபவரும் தம் ஆன்மாவுக்குத் தாமே பொறுப்பானவர் என்பதைக் கிறித்துவ நெறி ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. சமாரின் முதலியோர் இதை உணர்ந்திருந்தும், பதவி விலகும் உரிமையைக்கூடப் பேரரசரின் அனுமதியாகவே கருதிக் காத்திருந்தனர். போர் அமைச்சர் பொலிவானொவும் கடற்படை அமைச்சர் கிரிகரோவிச்சும் கடிதத்தின் கருத்தை ஏற்றபோதிலும், படைவீரரின் உறுதிமொழி தடுத்ததால் கையெழுத்திடவில்லை. ஆகஸ்ட் 23இல் பேரரசர் படைத்தலைமையை ஏற்றார். அடுத்த மாதமே சமாரின் பதவியிழந்தார்.